வேலிக்குள் இருக்கும் தேவாங்கு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களும் படிக்கலாம் என்பதற்காக.)



வழக்கமாக என்னை மைக் முன்னால் நிறுத்தினால் 15எச் படிவம், டிடிஎஸ், சீனியர் சிட்டிசன் டெபாசிட் வட்டி என்றுதான் பேசுவேன். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பீர்கள்? இன்றைக்குச் செயலாளர் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். வட்டியைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஒரு சின்னப் பிராணியைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம், நம் வாட்ஸ்அப் குரூப்.

போன மாதம் அதில் ஒரு வீடியோ வந்தது. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உருண்டைக் கண்ணோடு பொம்மை மாதிரி ஒரு பிராணி. யாரோ அதன் கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டுகிறார்கள். அது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கீழே "தென் அமெரிக்கக் காட்டின் நள்ளிரவுக் குரங்கு, கூச்சம் காட்டினால் சிரிக்கும்" என்று எழுதியிருந்தது. நாற்பது பேர் ஹார்ட் போட்டிருந்தார்கள். அது பரவாயில்லை. இரண்டு பேர் "கோயம்புத்தூரில் எங்கே கிடைக்கும், என்ன விலை இருக்கும்" என்று கேட்டிருந்தார்கள். அதற்குத்தான் பதில் சொல்ல வந்தேன்.

முதலில், அது தென் அமெரிக்கப் பிராணியே இல்லை. குரங்கும் இல்லை. ஆங்கிலத்தில் ஸ்லோ லோரிஸ் என்று சொல்கிற இனம். இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் பக்கம் வாழ்வது. நம் நாட்டில் அஸ்ஸாம், மேகாலயா மாதிரியான வடகிழக்கு மாநிலங்களிலும் அதன் ஓர் இனம் உண்டு. இரண்டாவது, அது சிரிக்கவில்லை. அதன் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சுரப்பி இருக்கிறது. பயம் வந்தால் கையைத் தூக்கி, அந்தச் சுரப்பில் வருவதை நக்கி எச்சிலோடு சேர்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கடித்தால் விஷம். அதாவது அந்தப் பிராணி "கிட்டே வந்தால் கடிப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, நாம் ஹார்ட் போட்டுக்கொண்டிருக்கிறோம். சந்தையில் விற்கிறவர்கள் இந்தக் கடிக்குப் பயந்து அதன் பல்லை நகவெட்டியால் வெட்டிவிடுகிறார்கள். பல பிராணிகள் அந்தப் புண்ணிலேயே செத்துப் போகின்றன.

சரி, தென் அமெரிக்காவில் ராத்திரிக் குரங்கு என்று ஒன்று உண்டா? உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் பார்க்க வேண்டிய பிராணிதான். பனாமாவில் தொடங்கி வடக்கு அர்ஜென்டினா வரைக்கும் பரவியிருக்கிறது. எடை ஒரு கிலோ சுமாருக்கு. ஆந்தை மாதிரி கண். உலகத்தில் இருக்கிற குரங்குகளில் ராத்திரியில் நடமாடுவது இந்த ஓர் இனக்கூட்டம் மட்டும்தான். அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ஏயோட்டஸ். கிரேக்கத்தில் காது இல்லாதது என்று அர்த்தம். காது உண்டு, ரோமத்துக்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆணும் பெண்ணும் ஜோடியாக வாழும். குட்டி பிறந்தால் தாய் பால் கொடுக்கும் நேரம் போக, மீதி நேரமெல்லாம் அப்பாதான் முதுகில் சுமந்துகொண்டு திரியும். இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இந்தக் குரங்குக்கு ஒரு துரதிர்ஷ்டம். மனிதனுக்கு வருகிற மலேரியாக் கிருமி இதன் உடம்பிலும் வளரும். அதனால் தடுப்பூசி ஆராய்ச்சிக்கென்று பல வருஷமாகப் பிடித்திருக்கிறார்கள். கொலம்பியாவில் அமேசான் கரையில் இருக்கிற லெட்டீசியா ஊரைச் சுற்றி இப்படி ஏராளமாகப் பிடித்து, விஷயம் நீதிமன்றம் வரை போனது. அங்கே அவர்களுக்கு ஓர் ஆய்வுக்கூடமாவது காரணமாக இருந்தது. நம் பக்கத்தில் அதைவிடச் சின்ன ஒரு ராத்திரி ஜீவனை, அதற்குக்கூட இல்லாமல் வெறும் மூடநம்பிக்கைக்காகப் பிடித்திருக்கிறோம். தேவாங்கைச் சொல்கிறேன்.

தேவாங்கு என்றதும் உங்களில் பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்திருக்கும். நம் சினிமாவில் ஒல்லியான ஆளைத் திட்ட வேண்டுமென்றால் இந்த வார்த்தைதான். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வைக்கவும் இதுதான். ஆனால் நிஜத் தேவாங்கைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். மூன்று பேர் தூக்கினார்கள். அதில் ஒருவர் பார்த்தது மிருகக்காட்சி சாலையில்.

எடை கால் கிலோ. கடையில் கால் கிலோ தக்காளியைக் கையில் வாங்கிப் பாருங்கள், அவ்வளவுதான் முழுப் பிராணியும். வால் கிடையாது. கையும் காலும் பென்சில் மாதிரி. முகத்தில் பாதி கண். அந்தக் கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருப்பதால், டார்ச் அடித்தால் இரண்டு சிவப்புப் பொட்டு மின்னும். தென் அமெரிக்க ராத்திரிக் குரங்குக்கு இந்தப் படலம் கிடையாது. அதன் முன்னோர்கள் பகலில் வாழ்ந்த குரங்குகள், பிற்பாடுதான் ராத்திரிக்கு மாறின என்கிறார்கள். தேவாங்கின் வம்சமோ ஆதியிலிருந்தே ராத்திரி வம்சம். குரங்கு, தேவாங்கு, நாம் எல்லோரும் ஒரே பெரிய குடும்பத்தின் கிளைகள்தான் என்றாலும், தேவாங்கு குரங்குக் கிளை பிரிவதற்கு முன்னாலேயே தனியாகப் போய்விட்ட பங்காளி.

நடை மெதுவாக இருக்கும். கிளை ஆடாமல், இலை அசையாமல் வந்து, பூச்சியைக் கண்டால் மட்டும் இரண்டு கையாலும் லபக்கென்று பிடிக்கும். சாப்பாடு பெரும்பாலும் பூச்சிதான். எறும்பு, கரையான், வண்டு, வெட்டுக்கிளி. கொட்டுகிற, கார்கிற பூச்சிகளைச் சாப்பிடும்போது சில சமயம் தன் மூத்திரத்தையே கையிலும் காலிலும் தேய்த்துக்கொள்ளுமாம். முகம் சுளிக்காதீர்கள், அதற்குத் தெரிந்த வைத்தியம் அது.

இது எங்கே இருக்கிறது என்று கேட்டால், அமேசானுக்கெல்லாம் போக வேண்டாம். கரூர் மாவட்டம் கடவூர். நம் கொங்கின் கிழக்கு ஓரம். சுற்றிலும் வளையம் போட்ட மாதிரி மலை, நடுவில் ஊர்கள். மலையைத் தாண்டினால் திண்டுக்கல் மாவட்டத்தின் அய்யலூர், வேடசந்தூர், நத்தம் பக்கம். 2022 அக்டோபரில் இந்த இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 11,806 ஹெக்டேர் காட்டைத் தமிழ்நாடு அரசு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம். புலிக்கும் யானைக்கும் இருக்கிற மரியாதை கால் கிலோ ஜீவனுக்குக் கிடைத்தது. நம் ஊர்ப் பத்திரிகைகளில் அது ஒரு நாள் செய்தியாக வந்துவிட்டுப் போனது.

அந்தப் பக்கம் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. 1990-களில் திண்டுக்கல் பக்கம் ஒரு கிளையில் மூன்று வருஷம் இருந்தேன். நகைக்கடன் கவுன்ட்டர். ஒரு நாள் காத்திருந்த விவசாயி ஒருவர், தோட்டத்துச் சாளையில் தனியாகப் படுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னார்: "ராத்திரி வேலிக்குள்ள விசிலடிக்கிற சத்தம் கேக்குமுங்க. புதுசா வந்தவன் திருடன்னு பயந்துக்குவான். அது தேவாங்குங்க." அப்போது எனக்கு அது கதை மாதிரி இருந்தது. தேவாங்கு நிஜமாகவே விசில் அடிக்கும், அதிலும் ஆண் உரக்க அடிக்கும் என்பதைப் பிற்பாடு படித்தேன்.

அதே ஊர்ச் சந்தையில் வேறொரு காட்சியும் பார்த்தேன். ஒருவர் துணிப் பையிலிருந்து தேவாங்கை எடுத்துப் பலகைமேல் வைத்தார். கிளி ஜோசியத்தில் கிளி எடுக்குமே, அப்படி இது சீட்டு எடுக்க வேண்டும். நல்ல வெயில். ராத்திரியில் மட்டும் திறக்க வேண்டிய கண்ணை அது இரண்டு கையாலும் மூடிக்கொண்டது. கூட்டம் அதைப் பார்த்துச் சிரித்தது. கையை இழுத்து விலக்கி விலக்கிச் சீட்டை எடுக்க வைத்தார். ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ வாங்கினார்.

ஜோசியத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. அதன் கண்ணை மருந்துக்கென்றும், வசியத்துக்கென்றும், மாந்திரீகத்துக்கென்றும் எடுத்திருக்கிறார்கள். கர்ப்பிணி பார்க்கக் கூடாது, வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்று கல்லால் அடிக்கிறவர்களும் உண்டு. கால் கிலோவில் இத்தனை பயமா என்று கேட்டால் பதில் இல்லை. இப்போது சட்டம் கடுமையாக இருக்கிறது. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் தேவாங்கு இருக்கிறது. பிடித்தாலும், வைத்திருந்தாலும், விற்றாலும் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வீடியோவைப் பார்த்து விலை கேட்ட நம் நண்பர்களுக்கு இதுதான் விலை. ஸ்லோ லோரிஸுக்கும் இதே பட்டியல்தான். தென் அமெரிக்கக் குட்டிக் குரங்குகளைச் சில கடைகளில் "எக்ஸாடிக் பெட்" என்று விற்கிறார்களே, அதையும் வனத்துறையில் பதிவு செய்யாமல் வைத்திருக்க முடியாது. 2024-இல் அதற்கென்று தனி விதிகள் வந்துவிட்டன. கடைக்காரர் "பில் தர்றேன் சார்" என்பார். பில் வேறு, பதிவு வேறு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இது ஜோசியக்காரரையும் கடைக்காரரையும் பற்றியது இல்லை. நம்மைப் பற்றியது.

1990-களின் பிற்பகுதியில் அய்யலூர் காட்டில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தேவாங்கை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அன்னா நெகாரிஸ் என்ற பெண்மணி, நம் நாட்டு சிந்து ராதாகிருஷ்ணா, மைசூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேவா சிங். தேவாங்கின் கண் கூசக் கூடாது என்று விளக்குக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதியதில் எனக்குப் பிடித்தது ஒரு கணக்கு. பெண் தேவாங்கு ஒன்று நடமாடுகிற பரப்பு சுமார் 1.6 ஹெக்டேர். ஆணுக்குச் சுமார் 3.6 ஹெக்டேர். நம் கணக்கில் நாலு ஏக்கர், ஒன்பது ஏக்கர். இதைப் படித்ததும் எனக்கு நிலப் பட்டாவைப் பார்த்த மாதிரி இருந்தது. கொங்கில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் தோட்டம் எவ்வளவு? நாலு ஏக்கரிலிருந்து பத்து ஏக்கர். அதாவது ஒரு தேவாங்கின் முழு வாழ்க்கையும் ஒருவருடைய பூமிக்குள் அடங்கிவிடும். அந்த ஒருவர் எடுக்கிற முடிவுதான் அதற்கு அரசாங்கம்.

அவர்கள் சொல்வது இன்னும் உண்டு. பகலில் தேவாங்கு மரப்பொந்துக்குப் போவதில்லை. முள்மரக் கிளைகள் பின்னிக்கிடக்கிற இடத்தில் நாலைந்து சேர்ந்து ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு தூங்கும். குட்டி ஒன்றோ இரண்டோ போடும். கொஞ்சம் வளர்ந்த பிறகு தாய் அதைக் கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போகும். அந்த நேரத்தில் ஆண்கள் வந்து குட்டியோடு விளையாடிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், தேவாங்குக்குத் தாவத் தெரியாது. குரங்கு மாதிரி இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்குக் குதிக்காது. ஒரு கிளையைப் பிடித்து, அடுத்ததை எட்டிப் பிடித்து, அதன் பிறகுதான் முதல் கையை விடும். நடுவில் இடைவெளி வந்தால் இறங்கித் தரையில் நடக்க வேண்டும். தரையில் நாய் இருக்கிறது. ரோட்டில் லாரி இருக்கிறது.

இப்போது வேலிக்கு வருகிறேன். நம் அப்பா, தாத்தா காலத்து வேலி உங்களுக்கு நினைவிருக்கும். கிளுவை, கள்ளி, நடுநடுவே வேலமரம், மேலே கோவைக்கொடி, பிரண்டை. ஆள் நுழைய முடியாது, ஆடு நுழைய முடியாது. சேதமில்லாமல் இருந்தால் இந்தத் தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டம், அங்கிருந்து பள்ளத்து ஓரம், அங்கிருந்து காடு என்று ஒரே கோடு. தேவாங்கு வாழ்வது நடுக்காட்டில் மட்டும் இல்லை. காட்டு ஓரத்துத் தோட்டங்களிலும் இந்த மாதிரி முள்வேலிகளிலும் இருக்கிறது. சரணாலயத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். இந்த வேலி பட்டா நிலத்தில் இருக்கிறது. அது யார் கையில்? நம்மில் பலர் கையில்.

நம் மூன்று பிளாக்கிலும் விசாரித்துப் பார்த்தேன். கரூர், குளித்தலை, அரவக்குறிச்சி, வேடசந்தூர் பக்கம் பூர்வீகம் உள்ள குடும்பங்கள் பதினொன்று. அதில் ஏழு பேர் கடந்த சில வருஷத்தில் பழைய வேலியை ஜேசிபி வைத்து எடுத்துவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், அல்லது போடப் போகிறார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. காரணங்கள் நியாயமானவை. உயிர்வேலி நாலடி அகலம் தின்றுவிடும். வருஷா வருஷம் கழிக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி கட்டுபடியாவதில்லை. பங்காளி கொஞ்சம் கொஞ்சமாக வேலியை இந்தப் பக்கம் நகர்த்துவான், அளந்து கல் போட்டுக் கம்பி கட்டினால் நிம்மதி. நாம் இங்கே ஏழாவது மாடியில் இருந்துகொண்டு அங்கே காவல் காக்க முடியுமா? விற்பதாக இருந்தாலும் "கம்பி வேலி போட்டது" என்றால் விலை கூடும். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. நிலத்தை அடமானம் வாங்கிய வங்கியிலேயே வேலை பார்த்தவன் நான்.

ஆனால் ஜேசிபி ஒரு காலையில் முடிக்கிற வேலை, கிளுவை திரும்ப அந்தக் கனத்துக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும். அந்தக் காலையில் அந்தக் கிளைகளுக்குள் தூங்கிக்கொண்டிருப்பது பகலில் கண் தெளியாத, ஓடத் தெரியாத ஜீவன்.

ஆகவே, கம்பி வேலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். கேட்பதெல்லாம் கொஞ்சம்தான். அளந்து கல் போடுங்கள், கம்பி கட்டுங்கள், பழைய வேலியைக் கம்பிக்கு உள்பக்கம் அப்படியே விடுங்கள். நாலு பக்கமும் முடியாவிட்டால் காட்டை ஒட்டியோ பள்ளத்தை ஒட்டியோ இருக்கிற ஒரு பக்கத்தையாவது விடுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே நாளில் மொத்தமாக எடுக்காமல், காட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் பாதைக்காக இடைவெளி விடும் இடத்தில் மேலே இரண்டு கிளை ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் போதும், தேவாங்குக்கு அது பாலம். தோட்டத்து வீட்டில் ராத்திரி முழுக்க எரிகிற ஃபோகஸ் லைட்டை வேலிப் பக்கம் திருப்பாமல் களத்துப் பக்கம் திருப்புங்கள். பூச்சியைத் தின்கிற ஜீவன் வேலியில் குடியிருந்தால் வெள்ளாமைக்கு நஷ்டமா என்பதையும் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், இளைஞர்களுக்கு. சரணாலயம் என்று பெயர் வந்ததும் ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு போய் வீடியோ எடுக்கலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். அந்தக் கண்ணில் வெள்ளை வெளிச்சம் அடிப்பது சந்தையில் அன்று நான் பார்த்ததுக்குச் சமம். திருச்சி - திண்டுக்கல் ரோட்டில் ராத்திரி கார் ஓட்டுகிறவர்கள் அய்யலூர் பக்கம் கொஞ்சம் நிதானமாகப் போங்கள். அடிபட்டோ வழி தப்பியோ ஒன்றைப் பார்த்தால் தூக்காதீர்கள், படம் எடுத்துக் குரூப்பில் போடாதீர்கள், வனத்துறைக்கு ஃபோன் போடுங்கள்.

இலங்கையில் இதே வம்சத்தில் ஒன்று, ஹார்ட்டன் சமவெளியில் இருப்பது, 1939-க்குப் பிறகு கண்ணிலேயே படாமல் அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள். 2002-இல் ஒரு சின்ன வெளிச்சம் மாதிரி கண்ணில் பட்டு, அதன் முதல் புகைப்படம் 2010-இல் வெளியானது. அங்கே அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நமக்கு இன்னும் தேட வேண்டிய நிலை வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் சி பிளாக் நண்பர் ஒருவர் வந்து, "சார், எங்க வேலிய போன வருஷமே எடுத்தாச்சுங்க, இப்ப என்ன பண்றதுங்க" என்று கேட்டார். கிளுவைக்கு விதை தேட வேண்டியதில்லை, போத்து வெட்டி நட்டாலே துளிர்க்கும். மழைக்கு முன்னால் கம்பிக்கு உள்ளே இரண்டடி விட்டு நட வேண்டும். அவருடைய பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் பழைய கிளுவை இருக்கிறதாம், அவரிடமே போத்து கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வேறு யாருக்காவது வேண்டுமென்றால் சங்க அலுவலகத்தில் உள்ள நோட்டில் பெயரும் ஊரும் எழுதி வையுங்கள். சேர்ந்து போய் ஒரே வண்டியில் எடுத்து வந்துவிடலாம்.